சுவரில் தொங்கும் ஏஇடி பெட்டி: எடுக்கத் தயங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

விமான நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் சுவரில் ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பின்னணியில் வெள்ளை இதயம், அதன் மேல் ஒரு மின்னல் கோடு. அதற்குள் இருப்பதுதான் ஏஇடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர். டாக்டர் வரும்வரை காத்திருக்க முடியாத சில நிமிடங்களுக்காகவே அதை அங்கே மாட்டியிருக்கிறார்கள். ஆனால் தேவைப்படும் நேரத்தில் பெரும்பாலானவர்களுக்கு அதைத் தொடவே பயம்.

ஏஇடி உண்மையில் என்ன செய்கிறது?

இதயம் துடிக்க வேண்டுமானால் அதன் தசைகள் எல்லாம் ஒரே தாளத்தில் சுருங்க வேண்டும். திடீரென்று சரிந்து விழும் பலருக்கு அந்தத் தாளம் குலைந்து, கீழறைகளில் ஒவ்வொரு தசையும் தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருக்கும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று இதைச் சொல்கிறார்கள். இதயம் அசைகிறது, ஆனால் ரத்தத்தைத் தள்ளுவதில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தால் ஒரு கணம் எல்லாம் அடங்கும். ஏஇடி கொடுக்கும் மின்சார ஷாக் செய்யும் வேலையும் அதுதான். இதயம் முழுவதையும் ஒரு கணம் அடக்கிவிடுகிறது. பிறகு இதயத்தின் சொந்தத் துடிப்பு மையம் மறுபடி தலைமை ஏற்க வாய்ப்புக் கிடைக்கிறது.

நெஞ்சில் ஒட்டும் இரண்டு பேட்கள் வழியாக ஏஇடி முதலில் இதயத்தின் மின்னோட்டத்தைப் படிக்கும். ஷாக் பலன் தரும் தாளம் என்றால் மட்டும் மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு, பொத்தானை அழுத்தச் சொல்லும். அந்த மின்சாரம் பாய்வது சில மில்லிசெகண்ட்தான்.

மாரடைப்பு வந்தவருக்கு இதை மாட்ட வேண்டுமா?

நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது என்று உங்களோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு ஏஇடி தேவையில்லை. அவருக்குத் தேவை ஆம்புலன்ஸும் மருத்துவமனையும். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்படுவது மாரடைப்பு. இதயம் ரத்தத்தைத் தள்ளுவதையே நிறுத்திவிடுவது இதய நிறுத்தம். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம், அதனால் அவர் பக்கத்தில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருப்பது நல்லதுதான். நினைவு தப்பி, சுவாசமும் சரியில்லாமல் போனால் உடனே மாட்டலாம்.

இதயம் நின்றுவிட்டது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டே விஷயங்களைப் பாருங்கள். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டால் பதில் இருக்கிறதா? இயல்பாக மூச்சு விடுகிறாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இதைப் பார்ப்பதற்குப் பத்து நொடிக்கு மேல் செலவழிக்கக் கூடாது.

நாடி பிடித்துப் பார்க்க வேண்டாம். பதற்றத்தில் தன் விரலில் துடிக்கும் நாடியையே அவருடையது என்று நினைத்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது கடைசி இழுப்பு மூச்சு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வாய் திறந்து, குறட்டை போன்ற சத்தத்தோடு, நீண்ட இடைவெளி விட்டு ஒரு இழுப்பு வரும். சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இருக்கிறது, காற்று வர விடுங்கள்" என்று விலகி நின்றுவிடுவார்கள். அது சுவாசம் இல்லை. மூளைக்கு ரத்தம் போகவில்லை என்பதற்கான அறிகுறி. இதே கட்டத்தில் சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்து நேரத்தைத் தொலைப்பவர்களும் உண்டு. வெட்டல் நின்ற பிறகும் நினைவும் இயல்பான மூச்சும் திரும்பாவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

நான் எந்தப் பயிற்சியும் எடுத்ததில்லை. இருந்தாலும் தொடலாமா?

தொடலாம். தொட வேண்டும். பயிற்சி இல்லாதவரை மனதில் வைத்தே அந்தக் கருவியை வடிவமைத்திருக்கிறார்கள். திறந்ததும் அல்லது பொத்தானை அழுத்தியதும் அது பேசத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் சியாட்டிலில் 1999இல் வெளியான ஒரு ஆய்வில், இந்தக் கருவியை முன்பின் பார்த்திராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து ஷாக் கொடுக்கச் சொன்னார்கள். சராசரியாக 90 நொடியில் முடித்துவிட்டார்கள். அதே வேலைக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எடுத்துக்கொண்டது 67 நொடி. வித்தியாசம் அரை நிமிடம்கூட இல்லை.

அது பொம்மைதானே என்று கேட்கலாம். சரி, நிஜத்துக்கு வருவோம். சிகாகோவின் விமான நிலையங்களில் ஏஇடிகளை வைத்த பிறகு, முதல் இரண்டு ஆண்டுகளில் ஷாக் பலன் தரும் நிலையில் விழுந்தவர்கள் 18 பேர். அவர்களில் 11 பேருக்கு உயிர் மீண்டது. அந்தப் பதினொரு பேரில் ஆறு பேரைக் காப்பாற்றியவர்கள் ஏஇடியை அதற்கு முன் பயன்படுத்தியோ பயிற்சி எடுத்தோ இராதவர்கள். அவர்களில் சிலர் மருத்துவம் படித்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தப் பெட்டி அவர்களுக்கும் புதிதுதான்.

பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சில மணி நேர வகுப்பில் கிடைப்பது கருவியை இயக்கும் திறமையைவிட, மார்பை அழுத்தும் பழக்கமும் தயக்கம் உடைவதும். வாய்ப்புக் கிடைத்தால் போய்வாருங்கள்.

சரி, என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் உரக்கக் கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டை, நீங்கள் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்", இன்னொருவரைக் காட்டி, "நீங்கள் ஓடிப்போய் ஏஇடியைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிடுவது நல்லது. பல நாடுகளில் மறுமுனையில் இருப்பவரே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவார்.

பெட்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். உறுதியான தரையில் அவரை மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மற்றொரு கையை வைத்து அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். பயிற்சி உள்ளவர் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு ஊதலாம். பழக்கமில்லாதவர் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். நீரில் மூழ்கியவர்களும் குழந்தைகளும் விதிவிலக்கு. அவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் இதயம் நின்றிருக்கும் என்பதால், தெரிந்தவர் இருந்தால் மூச்சும் ஊத வேண்டும்.

ஏஇடி வந்ததும் முதலில் அதை ஆன் செய்யுங்கள். சில கருவிகள் மூடியைத் திறந்தாலே உயிர்பெறும். பிறகு சட்டையைத் திறங்கள், முடியாவிட்டால் கத்தரித்துவிடுங்கள். பேட்களின் மேலேயே எங்கே ஒட்ட வேண்டும் என்று படம் இருக்கும்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப் பக்கம். வெறும் தோலில், நன்றாக அழுத்தி ஒட்ட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பேட் ஒட்டும்போது மற்றவர் அழுத்துவதை நிறுத்தவே கூடாது.

கருவி "தொடாதீர்கள், பரிசோதிக்கிறது" என்று சொல்லும்போது கையை எடுங்கள். ஷாக் தேவை என்று சொன்னால், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, "எல்லோரும் விலகுங்கள்" என்று கத்திவிட்டு, மின்னும் பொத்தானை அழுத்துங்கள். முழுத் தானியங்கி ரகம் என்றால் அதுவே எச்சரித்துவிட்டு ஷாக் கொடுத்துக்கொள்ளும்.

ஷாக் முடிந்த அதே நொடியில் கை மறுபடி மார்புக்குப் போக வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான். ஷாக் விழுந்ததும் எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், எழுந்து உட்காருவார் என்று. தாளம் சரியானாலும் இதயம் முதல் சில நொடிகளில் பலமாகத் துடிக்காது. அதைத் தாங்கிப்பிடிப்பது உங்கள் கைகள்தான். இரண்டு நிமிடம் அழுத்துங்கள். அதன் பிறகு கருவி தானே மறுபடி பரிசோதிக்கும்.

நான் தனியாக இருந்தால்?

போனை ஸ்பீக்கரில் போட்டு அவசர எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே அழுத்தத் தொடங்குங்கள். ஏஇடி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஓடி எடுத்துவரலாம். எங்கே இருக்கிறது என்றே தெரியாத பெட்டியைத் தேடி அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இதயம் நன்றாக இருப்பவருக்குத் தவறிப்போய் ஷாக் கொடுத்துவிட்டால்?

இந்தப் பயம்தான் எல்லோருக்கும் முதலில் வருகிறது. ஆனால் ஷாக் தரலாமா வேண்டாமா என்ற முடிவு உங்களுடையது இல்லை. மயங்கி விழுந்த, இதயம் ஒழுங்காகத் துடிக்கும் ஒருவருக்கு பேட்களை ஒட்டினால் கருவி "ஷாக் தேவையில்லை" என்று சொல்லிவிடும். நீங்கள் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. மோசமான விளைவை உண்டாக்கக்கூடிய பெரிய மனிதத் தவறு, எடுக்காமல் விடுவது.

"ஷாக் தேவையில்லை" என்றால் பிழைத்துவிட்டார் என்று அர்த்தமா?

இல்லை. ஆபத்தான தவறான புரிதல் இது. இதயத்தில் மின்னோட்டமே இல்லாமல் கோடு நேராகப் போகும்போதும், மின்னோட்டம் இருந்தும் துடிப்பு இல்லாதபோதும் கருவி இதே வாக்கியத்தைத்தான் சொல்லும். ஷாக்கால் பலன் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். அவர் அசையவில்லை, இயல்பாக மூச்சுவிடவில்லை என்றால் உடனே அழுத்தத் தொடங்குங்கள்.

திரைப்படங்களில் மானிட்டரில் நேர்கோடு ஓடும், டாக்டர் இரண்டு தகடுகளைத் தேய்த்து நெஞ்சில் வைப்பார், உடல் துள்ளும், ஆள் எழுந்துவிடுவார். நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு ஷாக் அடிக்காதா? தரை ஈரமாக இருந்தால்?

மின்சாரம் ஒரு பேடிலிருந்து மற்றொரு பேடுக்குப் போகத்தான் பார்க்கும். ஷாக் நேரத்தில் அவர் உடலை யாரும் தொடாமல் இருந்தால் போதும். மழையில் நனைந்த தரை, உலோகத் தளம் இவையெல்லாம் தடை இல்லை. தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் மட்டும் வெளியே இழுத்து, மார்பைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் பேட் ஒட்டாது, மின்சாரமும் தோலின் மேலாகவே ஓடிவிடும். அருகில் ஆக்சிஜன் குழாய் ஓடிக்கொண்டிருந்தால் தள்ளிவைத்துவிடுங்கள்.

மார்பில் முடி, நகை, பேஸ்மேக்கர் இருந்தால்?

அடர்ந்த முடி பேட் ஒட்டுவதைக் கெடுக்கும். பல பெட்டிகளில் அதற்காகவே ஒரு ரேசர் இருக்கும். பேட் படும் இடத்தை மட்டும் அவசரமாக மழித்துவிடுங்கள். சங்கிலியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம், பேடுக்கு அடியில் சிக்காமல் தள்ளிவிட்டால் சரி. இதயத் துடிப்பைச் சீராக்கத் தோலுக்கடியில் பொருத்தும் பேஸ்மேக்கர் மேடாகத் தெரிந்தால் அதன் மேல் நேராக ஒட்டாமல் சில சென்டிமீட்டர் விலக்கி ஒட்டுங்கள். மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் உரித்துத் துடைத்துவிடுங்கள். இரண்டு பேட்களையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டீர்களா? அப்படியே விடுங்கள், வேலை செய்யும். உரித்து மறுபடி ஒட்டினால் பசைதான் போகும்.

விழுந்தவர் பெண் என்றால்?

செய்முறையில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் நடப்பில் மாற்றம் இருக்கிறது: பொது இடங்களில் விழும் பெண்களுக்கு, ஆண்களைவிடக் குறைவாகவே அருகில் இருப்பவர்களின் உதவி கிடைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொடத் தயக்கம், ஆடையை விலக்கத் தயக்கம், ஏதாவது பழி வருமோ என்ற தயக்கம்.

பேட் வெறும் தோலில் ஒட்ட வேண்டும். அதற்கு உள்ளாடை குறுக்கே நின்றால் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் வெட்டுங்கள். இடது பேட் மார்பகத்தின் மேல் வராமல், அதற்குப் பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே வர வேண்டும். ஒட்டி முடிந்ததும் ஒரு துணியை மேலே போர்த்தலாம். அருகில் நிற்கும் இருவரை மறைவாக நிற்கச் சொல்லலாம். கர்ப்பிணிக்கும் இதே முறைதான். குழந்தையைக் காப்பாற்ற இருக்கும் முதல் வழி தாயைக் காப்பாற்றுவது.

குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாமா?

எட்டு வயதுக்குக் கீழே அல்லது 25 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்கு என்று ஷாக்கின் அளவைக் குறைக்கும் பேட்களோ ஒரு சுவிட்சோ சில கருவிகளில் இருக்கும். இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லை என்றால் பெரியவர்களுக்கான பேட்களையே ஒட்டலாம். சின்ன மார்பில் இரண்டும் ஒன்றையொன்று தொடும்போல இருந்தால் ஒன்றை மார்பின் நடுவிலும் மற்றதை முதுகின் நடுவிலும் ஒட்டுங்கள்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவர்களும் விழுகிறார்களே?

ஆமாம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான யூரோ ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலே சரிந்தார். மைதானத்திலேயே மார்பை அழுத்தி, டிஃபிப்ரிலேட்டரால் ஷாக் கொடுத்தார்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அவருக்கு நினைவு இருந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் கால்பந்து ஆடினார். பந்தோ முழங்கையோ மார்பில் தவறான கணத்தில் பட்டும் ஆரோக்கியமான இதயத்தின் தாளம் குலையலாம். விளையாட்டு மைதானத்தில் ஒருவர் அடிபட்டதும் எழாமல் கிடந்தால் தலையில் அடி என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எத்தனை நிமிடத்துக்குள் ஷாக் கொடுக்க வேண்டும்?

எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாக. எதுவும் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். மார்பை அழுத்திக்கொண்டிருந்தால் இந்தச் சரிவு ஏறத்தாழ பாதியாகும்.

இதற்கு நல்ல சான்று வந்தது சூதாட்ட விடுதிகளிலிருந்து. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் எங்கும் கேமரா இருக்கும், யார் விழுந்தாலும் உடனே தெரிந்துவிடும். அங்கே காவலாளிகளுக்கு ஏஇடி பழக்கிவிட்டு, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். விழுந்த மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். கருவி அதேதான், காவலாளிகளும் அவர்கள்தான்.

விலா எலும்பு உடைந்துவிட்டால்? வழக்கு வந்தால்?

அழுத்தும்போது விலா எலும்பு முறிவது சாதாரணம். முறிந்த சத்தம் கேட்டாலும் கையின் இடத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள். பேட் ஒட்டிய இடத்தில் தோல் சிவக்கலாம். இரண்டும் ஆறிவிடும். சட்டத்தைப் பொறுத்தவரை, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கும் சட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஏஇடி பயன்படுத்தும் பொதுமக்களுக்காகவே 2000இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது.

வீட்டில் ஒன்று வாங்கி வைக்கலாமா?

இதய நிறுத்தங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நடக்கின்றன என்பதால் கேள்வி நியாயமானது. ஆனால் முன்பு மாரடைப்பு வந்த சுமார் 7,000 பேரை வைத்து நடத்தி 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வீட்டில் ஏஇடி கொடுக்கப்பட்டவர்களின் இறப்பு மற்றவர்களைவிடக் குறையவில்லை. தூக்கத்தில் விழுந்தால், தனியாக இருக்கும்போது விழுந்தால், சுவரில் இருக்கும் கருவி என்ன செய்யும்? என்னைக் கேட்டால், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் மார்பை அழுத்தக் கற்றுக்கொள்வதற்கே முதல் இடம். அதிக ஆபத்து இருப்பவர்களுக்கு உடலுக்குள்ளேயே பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர் உண்டு. அதை அவர்கள் இதய மருத்துவரிடம் பேச வேண்டும்.

வீட்டுக்குக் கருவி போய்ச்சேரும் வேறு வழிகளையும் சோதிக்கிறார்கள். 2021 டிசம்பரில் சுவீடனின் ட்ரோல்ஹெட்டான் நகரில் பனியை அள்ளிக்கொண்டிருந்த 71 வயதுக்காரர் விழுந்தபோது, மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் ட்ரோன் ஒரு ஏஇடியைக் கொண்டுவந்தது. அந்த வழியாக வந்த மருத்துவர் ஒருவர் அதை எடுத்து ஷாக் கொடுத்தார். விழுந்தவர் பிழைத்துக்கொண்டார்.

எங்கள் அலுவலகத்தில் வைக்கப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பூட்டாதீர்கள். திருடு போகும் என்று மேலாளர் அறையில் பூட்டி வைக்கப்பட்ட ஏஇடி, சாவி தேடும் நேரத்தில் பயனற்றதாகிவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் கதவு அடைக்கும் கட்டடத்துக்குள் இருப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். நடந்து போய் எடுத்து வர ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாத, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்; நிலையைக் காட்டும் விளக்கு அல்லது குறி சரியாக இருக்கிறதா என்று யாராவது ஒருவர் அவ்வப்போது பார்க்க வேண்டும். பேட்களின் பசை காய்ந்துவிடும் என்பதால் அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு, பேட்டரிக்கும் உண்டு. வாங்கும்போது கருவியின் விலையை மட்டும் கேட்டுவிட்டு, இவற்றுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவைக் கேட்காமல் வருபவர்கள் நிறைய. அந்தப் பொறுப்பு யாருடையது என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

அவர் கண் விழித்துவிட்டால் கருவியைக் கழற்றலாமா?

வேண்டாம். அசைந்தாலோ இயல்பாக மூச்சுவிடத் தொடங்கினாலோ அழுத்துவதை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். பேட்களை அப்படியே விடுங்கள், கருவியையும் அணைக்க வேண்டாம். தாளம் மறுபடி குலையக்கூடும்; அப்போது கருவி சொல்லும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் எப்போது விழுந்தார், எத்தனை ஷாக் போனது என்பதைச் சொல்லுங்கள். நினைவில்லை என்றாலும் பரவாயில்லை, கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துவைத்திருக்கும். அந்தப் பதிவு மருத்துவமனைக்குத் தேவைப்படலாம். பயன்படுத்திய பேட்களை மறுபடி பயன்படுத்த முடியாது. புதிய பேட் மாட்டி, விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை அதன் இடத்தில் வைக்க வேண்டும்.